இடப்பக்கம் தொங்கிய பித்தப்பை

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பின் செல்விக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வா. பின்னேரம் நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது, ஸ்வெட்டரை மறந்துவிடாதே.

செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன் தியேட்டரில் பார்த்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவருக்குப் பித்தக்கல். வலது விலாவுக்குக் கீழேதான் வலி. ஸ்கேனில் கல் மட்டும் தெரிந்தது. கமராவை உள்ளே விட்டதும் ஒப்பரேஷன் செய்த சேரின் கை அப்படியே நின்றுவிட்டது. பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஈரல் வழவழவென்று வெறுமையாகக் கிடந்தது! தேடினால், தொப்புளிலிருந்து ஈரலுக்குப் போகும் நாணுக்கு இடப்பக்கம் தொங்குகிறது. தாய் வயிற்றில் நமக்கு இரத்தம் கொண்டுவந்த நாளம்தான் பிறந்த பிறகு அந்த நாணாகச் சுருங்குகிறது. பை அதற்கு வலப்பக்கம் இருப்பதுதான் வழக்கம். பை இடம் மாறினாலும் நரம்பு மாறுவதில்லையாம், அதனால்தான் வலி வலப்பக்கமே வந்திருக்கிறது.

சேர் கொஞ்சமும் அவசரப்படவில்லை. பையின் கழுத்தடிக் கொழுப்பை மெல்ல மெல்ல விலக்கினார். பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு இரத்த நாடியும் மட்டும்தான் என்று கண்ணால் கண்ட பிறகே கிளிப் போட்டார். 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வலியுறுத்திய முறை இது. ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாயைத் தவறி வெட்டிவிட்டால் அந்த மனுசி காலமெல்லாம் அவதிப்பட வேண்டும். சிலருக்கு ஈரல் நாடி, தேயிலையில் புழு முதுகைத் தூக்குவது போல வளைந்து பையை ஒட்டிக் கிடக்குமாம். ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இரண்டு பித்தப்பை இருக்குமாம்.

கண் விழித்ததும் சொன்னோம். "நாப்பத்தாறு வருசமா எனக்கே தெரியலியே மிஸ்" என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

எனக்குக் கவலை, வீட்டுக்குப் போகும்போது நோய் விபரம் எழுதிக் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்டைப் பற்றித்தான். இப்படிப்பட்டவர்களுக்கு ஈரலுக்குள் போகும் நாளமும் பித்தக்குழாயும்கூட வேறு வழியில் ஓடலாம். நாளைக்கு இன்னொரு ஒப்பரேஷன் வந்தால் அந்த வைத்தியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகி, மை கரைந்த கார்டோடு வந்தவர்கள் எத்தனை பேர்! பொலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தேன். அந்த அக்காவின் மகளை போனில் போட்டோ எடுக்கவும் வைத்தேன்.

அப்புறம், உன் அம்மாவுக்கும் கண்டியில் பித்தப்பை எடுத்தார்களே, அந்தக் கார்ட் எங்கே? தேடி எடுத்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பு.

உன்,
தவம்