அம்மாவுக்கு, அந்த ‘சத்து மாத்திரை’ பற்றி

அம்மா,

டாக்டரைப் பார்த்துவிட்டேன். சின்ன வயதில் ‘சத்து மாத்திரை’ என்று சொல்லி நீ கொடுத்த மீத்தைல்பெனிடேட்டை, அதுதான் ADHD என்ற கவனக் குறைபாட்டுக்கான மருந்தை, மறுபடி ஆரம்பிக்கப் போகிறேன். சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தபோது, அன்று நீயும் இப்படித்தானே அலைந்திருப்பாய் என்று தோன்றியது. உன் மேலிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன். நேரில் பேசினால் நீ அழுவாய், நானும் நிறுத்திவிடுவேன். இங்கே எழுதுவதற்கு மன்னித்துவிடு. சொந்தக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் ஊர், பள்ளி பெயரெல்லாம் வேண்டாம்.

சித்தி மகள் வந்து தங்கியிருந்த அந்தக் காலை. இட்லித் தட்டின் ஓரத்தில் என் மாத்திரை. “பெரியம்மா, எனக்கும் சத்து மாத்திரை” என்று அவள் கை நீட்டினாள். நீ தட்டிவிட்ட வேகத்தில் மாத்திரை சாம்பாரில் விழுந்தது. உன் முகம் வெளுத்துப்போனது. அவள் அழுதாள். அவளுக்கு விஷமாக இருப்பது எனக்கு மட்டும் எப்படிச் சத்தாகும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றைப் பிரித்து என் கையில் வைத்தாய். விழுங்கினேன்.

யாரும் சொல்லாததால் காரணத்தை நானே கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கிடையாது. அப்படியென்றால் இது எனக்கில்லை, மிஸ்ஸுக்காக. டாக்டரும் என் எடையையும் உயரத்தையும் பார்த்துவிட்டு உன்னிடம்தான் பேசுவார். இலினா சிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ADHD உள்ள பிள்ளைகளிடமே கேட்டு 2012-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மாத்திரை உதவுகிறது என்றுதான் பல பிள்ளைகள் சொன்னார்கள். ஆனால் டாக்டர் தங்களிடம் பேசுவது குறைவு என்றும் சொன்னார்கள். படித்தபோது என் கதையாகவே இருந்தது.

எனக்கும் உதவியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். காலையில் கணக்கு ஓடும். மதியம் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். பசிக்கவில்லை என்றால் திமிர் என்றாய். அதே நீதான், ராத்திரி தூக்கம் வராமல் பசியோடு வந்து நின்றால் முகம் சுளிக்காமல் தோசை வார்த்தாய்.

ஊர் ஏதாவது பேசும் என்று பயந்தாய். அப்பா வீட்டில் என்ன சொன்னார்கள் என்பது எனக்கும் தெரியும், அது இங்கே வேண்டாம். ஆனால் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட, எல்லார் முன்னாலும் “மாத்திரை போட்டியா?” மார்க் வாங்கினால் “மாத்திரை நல்லா கேக்குது.” கெட்டதுக்கு மாத்திரை போடாதது காரணம், நல்லதுக்கு மாத்திரை காரணம். இதில் நான் எங்கே இருந்தேன் அம்மா?

சரி. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், ஞாயிற்றுக்கிழமையும் போடலாமாம். போடுவேன்.