நம்ம ஐ.டி.ஐ பசங்களுக்கு ஒரு கவுன்சலிங் ரூம், கை குடுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, கூடப் படிச்ச நண்பர்களே, பழைய மாணவர் கமிட்டி சார்பா வணக்கம்.

ஃபிட்டர் செகண்ட் இயர் பையன் ஒருத்தன், ஃபர்ஸ்ட் இயர்ல ட்ரை ஸ்கொயர்ங்கிற மூலைமட்டம் வச்சுப் பாத்தா இடுக்குல வெளிச்சம் தெரியாத அளவுக்கு இரும்புத் துண்டை ராவி ஜாப் முடிச்சவன், இப்ப வைஸ் பிடியில ஜாப்பை மாட்டிட்டு அரத்தை கையில பிடிச்சபடி அப்படியே நிக்கிறான். கேட்டா சோம்பேறி ஆயிட்டான்னு சொல்றாங்க. உக்காந்து பேசுனா தூக்கம் இல்ல, சோறு இறங்கல, எதுலயும் பிடிப்பு இல்லங்கிறான். ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா அது டிப்ரஷனா இருக்கலாம், கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டணும்.

காரணம் ஒண்ணா ரெண்டா? சாயங்காலம் பரோட்டா கடையில, கேட்டரிங்ல நின்னுட்டு நடுராத்திரி வந்து படுக்குறாங்க, காலையில ஐ.டி.ஐ ஒர்க்‌ஷாப்புக்கு ஓடணும். மாசம் வர்ற 750 ரூபா உதவித்தொகைய வீட்டுக் கடனுக்கு அனுப்புற பசங்களும் இருக்காங்க. மார்க் இல்லாதவன்தான் ஐ.டி.ஐ போவான்னு கல்யாண வீட்ல நாலு பேர் முன்னாடி சொல்ற சொந்தக்காரங்க வேற. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர்னு அப்ரண்டிஸ் போன சீனியருங்க வேலை நிரந்தரமாகாம திரும்பி வர்றதப் பாத்து வர்ற பயம் தனி. எலக்ட்ரீஷியன் கிளாஸ்ல ஒத்தப் பொண்ணா உக்காந்திருக்கிற புள்ள யாருகிட்ட சொல்லும்?

மனநல உதவிக்கு 14416னு அரசாங்கத்தோட டெலிமானஸ் நம்பர் இருக்கு, 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, எல்லாரும் பசங்களுக்கு சொல்லுங்க. ஆனா ஹாஸ்டல் ரூம்ல பத்து பேருக்கு நடுவுல எப்படி மனசு விட்டுப் பேசுவான்? ஜி.ஹெச் ஓ.பி போனா ஒரு நாள் அட்டெண்டன்ஸ் போகும், 80 சதவீதம் இல்லன்னா பரீட்சை எழுத முடியாதுன்னே போக மாட்டேங்கிறாங்க.

அதனாலதான் கேம்பஸ்லயே ஒரு ரூம். பழைய டூல் ஸ்டோரை பிரின்சிபால் சார் தர்றேன்னுட்டார். கதவு, ஃபேன், பெயிண்ட், சேர் எல்லாம் 28,000. பயிற்சி பெத்த கவுன்சலர் வாரம் ரெண்டு நாள், நாளுக்கு 1,500 வீதம் பத்து மாசத்துக்கு 1,20,000. ஜி.ஹெச் போற பசங்களுக்கு ஆட்டோ, சாப்பாட்டுக்கு 12,000. மொத்தம் 1,60,000 ரூபா. பசங்க சொல்றதை கவுன்சலர் வந்து கமிட்டிகிட்டயோ சார்மார்கிட்டயோ சொல்ல மாட்டாங்க, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்டுக்குத் தெரியப்படுத்துவாங்க, இதை முதல்லயே பேசி முடிவு பண்ணிட்டோம்.

புது பேட்ச் வர்றதுக்குள்ள திறந்தாகணும். 500 ரூபான்னாலும் பொருளாளர்கிட்ட குடுத்து ரசீது வாங்கிக்கங்க, பில் எல்லாம் குரூப்ல போடுவோம். பணம் இப்ப முடியாதுன்னா பரவால்ல, வயர்மேன், வெல்டர் பேட்ச் ஆளுங்க ஞாயித்துக்கிழமை டூல்ஸோட வாங்க, ஜன்னல் கிரில்லும் வயரிங்கும் அப்படியே கிடக்கு.