தாமான் ரிம்பா கியாராவுக்காக நின்ன எல்லாருக்கும்

வணக்கம். சித்திரை பிறந்து நாலே நாள்ல, 2023 ஏப்ரல் 18ல, கோலாலம்பூர்ல இருக்கிற நம்ம தாமான் ரிம்பா கியாரா பூங்காவுல அடுக்குமாடி கட்ட மாநகராட்சி குடுத்த அனுமதி செல்லாதுன்னு மலேசியாவோட உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்ன சேதி போன்ல வந்ததுல இருந்து எனக்கு கையும் ஓடல காலும் ஓடல, அழுதுக்கிட்டே சிரிக்கிறேன், சிரிச்சுக்கிட்டே அழுவுறேன். கதைய திரும்ப சொல்லப் போறதில்ல, 2017ல இருந்து நாம எல்லாரும் அதோடதானே படுத்து எழுந்தோம். 42 மாடியில இருந்து 54 மாடி வரைக்கும் எட்டு கட்டடம் இனி அந்த மலையடிவாரத்துல வராது, அது போதும். நகரத்துல எங்க என்ன வரலாம்னு சொல்ற கோலாலம்பூர் ஸ்ட்ரக்சர் பிளான் சட்டப்படி மாநகராட்சியையும் கட்டுப்படுத்தும்னும், பக்கத்துல குடியிருக்கிறவங்க கோர்ட்டுக்கு வர உரிமை இருக்குன்னும் நீதிபதி நளினி பத்மநாதன் எழுதியிருக்காங்க, இனி வேற ஊர்ல வேற பூங்காவுக்கு ஆபத்து வந்தாலும் இத காட்டலாம்.

நன்றி சொல்ல ஆரம்பிச்சா விடிஞ்சிரும். வழக்குல பேர் குடுத்த குடியிருப்பாளர் சங்கங்கள், வக்கீலுங்க, ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் புக்கிட் கியாரா, சைக்கிள்காரங்க, காலையில தாய்ச்சி உடற்பயிற்சி செய்யுற அங்கிள் ஆன்ட்டிங்க, வழக்குச் செலவுக்கு அஞ்சு ரிங்கிட் பத்து ரிங்கிட்னு போட்டவங்க, 2018ல ஹைகோர்ட்டுல தோத்தப்ப “அப்பீலுக்குப் போவோம் லா”ன்னு தூக்கி விட்டவங்க, நோன்போட வந்து பேனர் கட்டுன தம்பிங்க, உங்க எல்லாருக்கும் ரெண்டு கையும் சேர்த்து கும்பிடு.

ஆனா இந்த மடல நான் எழுதுறதே ஒரு பாட்டிக்காகத்தான். பேர் போட வேணாம்னு சொல்லிட்டாங்க. பூங்காவுக்குப் பின்னாடி ரூமா பாஞ்சாங்ல, அதாவது தோட்டத் தொழிலாளிங்களோட லயத்துல, இருக்கிறவங்க, புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க. தோட்டத்த எடுத்தப்ப கொஞ்ச நாளைக்குன்னு சொல்லி அந்த லயத்துல குடி வெச்சது 1980கள்ல, இன்னும் அங்கேயேதான் இருக்காங்க. அந்தத் திட்டத்துல 29 மாடி கட்டடம் ஒண்ணுல அவங்களுக்கும் வீடு தர்றோம்னு சொல்லியிருந்தாங்க, அதனால நாம பூங்காவ காப்பாத்தணும்னு சொன்னப்பல்லாம் “ஏழைத் தமிழனுக்கு கிடைக்கப் போற வீட்ட பணக்காரங்க கெடுக்குறாங்க”ன்னு பேச்சு வந்துச்சு. அந்தப் பேச்சு எனக்கு முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா என் பாட்டியும் தோட்டத்துக்காரிதான்.

கையெழுத்து வாங்க மரத்தடியில மேசை போட்டோமே, அங்க வயசானவங்க உட்கார எடமே இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை இந்தப் பாட்டி ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலிய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி தலையில வெச்சுக்கிட்டு நடந்து வர்றாங்க. நான் பதறிப்போய் ஓடி வாங்குனேன். “வயசானவங்கள எவ்ளோ நேரம் பாப்பா நிக்க வைப்ப?”ன்னு கேட்டாங்க. பேனாவ நீட்டுனதுக்கு கைய பின்னால கட்டிக்கிட்டாங்க. “கையெழுத்து போட மாட்டேன். எனக்கு வீடு வேணும், என் பேரப் புள்ளைங்களுக்கு வீடு வேணும். நீ மரம் வேணும்ங்கற, அதுலயும் தப்பு இல்ல. அதுக்காக நாற்காலி குடுக்கக் கூடாதா?” அவ்ளோதான் பேச்சு. சாயந்தரம் வந்து எடுத்துக்கிட்டு போனாங்க. அடுத்தடுத்த வாரமும் கொண்டு வந்தாங்க, லயத்துல அவங்கள யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க, கேட்டா “அத நான் பாத்துக்கறேன்”னு முடிச்சிருவாங்க.

ஒரு நாள் கூட்டம் இல்லாதப்ப மலை பக்கம் கைய காட்டி, எந்தச் சரிவுல விடியறதுக்கு முன்ன பால் வெட்டுனாங்க, எங்க வாளிய எறக்கி வெச்சாங்க எல்லாம் சொன்னாங்க. அந்த ரப்பர் மரம் இன்னும் சிலது மேல நிக்குது, நாம காடுன்னு நெனச்சு நடக்குற பாதையில பாதி அவங்க நடந்து தேய்ச்சதுதான். நான் எத்தனையோ வருஷமா அங்க ஓடிருக்கேன், யாரும் எனக்கு இத சொன்னதில்ல. இந்த எடத்து மேல எங்களவிட அவங்களுக்குத்தான் பாத்தியத ஜாஸ்தி, அப்படிப்பட்டவங்க எங்கள உட்கார வெச்சாங்க. அதுக்கு என்னன்னு நன்றி சொல்றது பாட்டி, எனக்கு வார்த்த வரல.

ஒண்ணு மட்டும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். பூங்கா கிடைச்சிருச்சுன்னு நான் வீட்டுக்குப் போய் படுக்க மாட்டேன். லயம் இருக்கிற அந்த எடத்துலயே, பூங்காவத் தொடாம, அவங்களுக்கு நெரந்தர வீடு கட்டணும்னு நாம ஆரம்பத்துல இருந்தே சொல்லிக்கிட்டு வந்தோம், கோர்ட்டுக்கு வெளியில அது இன்னும் முடியல. மனு எழுதறதா, எம்பி ஆபீஸ்ல போய் நிக்கறதா, கூட்டத்துல எழுந்து கேக்கறதா, நான் வர்றேன். மரத்துக்கு கையெழுத்து போட்ட நீங்களும் வரணும். நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் லயத்து ஆளுங்ககிட்ட பேசி நாள் குறிச்சு சொல்றேன், அன்னிக்கு வேற வேலை வெச்சுக்காதீங்க.