கிட்டங்கியில் பாய் விரித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பங்காளிகள் அனைவருக்கும்,

வணக்கம். காரைக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறவள் நான். உங்களில் சிலர் வீட்டுக் கல்யாணங்களுக்கு என் அம்மா பலகாரம் சுட வந்திருக்கிறார். அந்த உரிமையில்தான், பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடுகளில் வழிப்போக்கருக்கு ஓர் அறை கேட்டு எழுதுகிறேன்.

போன புரட்டாசியில் நானும் வீட்டுக்காரரும் கேரளக் கடற்கரை ஊரான வர்க்கலைக்குப் போய் வந்தோம். கையில் 6,000 ரூபாய், தோளில் ஆளுக்கொரு பை, நாலு நாள். மதுரையில் ராத்திரி புனலூர் ரயில் ஏறினால் காலையில் வர்க்கலை. செம்மண் குன்று செங்குத்தாக நிற்க, அதன் காலடியிலேயே கடல். குன்றின் மேல் வரிசையாகக் கடைகள். விலைப்பலகையைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஸ்டேஷன் பக்கம் போய்ப் புட்டும் கடலையும் சாப்பிட்டோம்.

தங்கியது குன்றுக்குப் பின்னால் ஒரு சேச்சி வீட்டில். மாடியில் ஒரே அறை. ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி, துணி காயப்போட ஒரு கொடி. நாளுக்கு 700 ரூபாய். வாசற்படியில் ஒரு வாளித் தண்ணீரும் மக்கும் இருக்கும். கால் மணலைக் கழுவினால்தான் உள்ளே விடுவார். ஆதாரைப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை.

பக்கத்து வீட்டில் அறை எடுத்திருந்தது புனேயிலிருந்து வந்த ஒரு ஜோடி. காரைக்குடி என்றதும் அந்தப் பெண் போனைத் திறந்து எங்கள் பக்கத்து ஊரான கானாடுகாத்தானின் பெரிய வீடுகளைக் காட்டினாள். வர ஆசையாம், அறை வாடகையைப் பார்த்து விட்டுவிட்டார்களாம். நானும் பார்த்தேன். எங்கள் நாலு நாள் செலவு அங்கே ஓர் இரவுக்குப் போதாது.

இருந்தாலும் கார்த்திகையில் வந்துவிட்டார்கள். இங்கே ஒரு லாட்ஜில் கல்யாண சர்டிஃபிகேட் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் எங்கள் கூடத்தில்தான் படுத்தார்கள். மறுநாள் கானாடுகாத்தானில் பூட்டிய வீடு ஒன்றின் திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்தோம். வாட்ச்மேன் வந்து எழுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குச் சொன்ன வேலை அது. ஆனால் அந்தத் தெருவில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று அந்தப் பெண் எண்ண ஆரம்பித்தபோது எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

வழிப்போக்கருக்குப் படுக்க இடம் வேண்டும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காசியில் சத்திரம் கட்டியவர்கள் நீங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்ற வட்டிக்கடைகளில் உங்கள் ஐயாக்கள் பகலில் பெட்டியடியில் கணக்கெழுதிய இடத்திலேயே ராத்திரி பாய் விரித்துப் படுத்தார்கள். இப்போதைய பிள்ளைகள் அதைத்தான் டார்மிட்டரி என்கிறார்கள்.

சிரமம் தெரியாமல் பேசவில்லை. ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி, அதாவது இருபது பங்குக் குடும்பம் இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். ஓடு மாற்றவே எல்லாரும் சம்மதிக்க வேண்டும். கழிப்பறை பின்கட்டைத் தாண்டி இருக்கும். எல்லாம் சரி. ஆனால் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014லேயே ஏறிவிட்டன. பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். எல்லாரும் காரில் வருவார்கள் என்று ஏன் நினைக்க வேண்டும்? திருச்சி ரயிலில் செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறவர்களும் உண்டு.

உள்முற்றத்து வளவையும் சாமி வீட்டையும் திறக்கச் சொல்லவில்லை. பெட்டக அறை பூட்டியே இருக்கட்டும். முகப்புப் பக்கம் ஒரே ஓர் அறை போதும். ஒரு ஃபேன், சுத்தமான கழிப்பறை, 700 ரூபாய். மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்திலும் குறைந்தது ஓர் அறை என்றுதான் கணக்கு. கட்டில்கூட வேண்டாம். மத்தியான வெயிலில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் வெறுங்காலை வைத்ததும் அந்தப் புனேப் பையன் செருப்பைத் தேடவே இல்லை. அப்படியே தரையில் படுத்துவிட்டான்.

தை பிறந்ததும் அவர்களுடைய கூட்டாளிகள் நாலு பேர் வருகிறார்கள். எங்கள் கூடம் தாங்காது. யாராவது ஒரு வீட்டுச் சாவியைத் தந்தால் கூட்டிப் பெருக்கி வைப்பது என் பொறுப்பு. பாயும் நானே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பலகாரக்காரம்மா மகள், காரைக்குடி