வற் வீதம் மாறினா பில் சொஃப்ட்வெயாரையே மாத்தணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கட பேப்பர்ல வாற கணினிப் பக்கத்த விடாம வாசிக்கிற ஆள் நான். செயற்கை நுண்ணறிவு, கிளவுட், ரோபோ எண்டு பெரிய பெரிய விசயமெல்லாம் வருது, நல்லது, வரட்டும். ஆனா மட்டக்களப்பு பஜார்லயும் செங்கலடியிலயும் காத்தான்குடியிலயும் கல்முனையிலயும் கடைகளுக்கு பில் போடுற சொஃப்ட்வெயார் செஞ்சு குடுக்கிற எங்கட பொடியனுகளுக்கு அதெல்லாத்துக்கும் முன்னுக்கு ஒரு சின்ன விசயம் சொல்லிக் குடுக்கணும், அதப்பத்தி ஒருத்தரும் எழுதுறாங்க இல்ல. செட்டிங் ஃபைல். கடைப் பேர், ஃபோன் நம்பர், வற் எண்ட பெறுமதி சேர் வரிட வீதம், பிரிண்டர் பேர், பில் பேப்பர்ட அகலம், இதுகள புரோகிராமுக்குள்ள புதைக்காம வெளியில ஒரு சாதாரண ரெக்ஸ்ட் ஃபைல்ல வச்சு, அத வாசிக்கவும் எழுதவும் ஒரு சின்ன லைப்ரரிய, அதாவது மத்தவங்க எழுதி வச்ச ஆயத்தக் கோடப் பாவிக்கிறது. அவ்வளவுதான் விசயம்.

வற் வரியப் பாருங்க. 2022 ஜூன்ல 8 வீதத்துல இருந்து 12 ஆச்சு, அதே வருசம் செப்டெம்பர்ல 15, மறுகா 2024 ஜனவரி 1ல இருந்து 18. ரெண்டு வருசம் ஆகமுந்தி மூண்டு தரம். நடுவுல 2022 ஒக்டோபர்ல சமூகப் பாதுகாப்பு வரியெண்டு 2.5 வீதம் வேற வந்து சேர்ந்திச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஹார்ட்வெயார் கடை முதலாளி 15 ஆன நேரம் சொஃப்ட்வெயார் செஞ்சவருக்கு கோல் எடுத்தா, திரும்ப கொம்பைல் பண்ணித்தான், அதாவது கோட மெசின் ஓட்டுற புரோகிராமா மாத்தித்தான் தரணும் எண்டு காசு கேட்டிருக்கார், 18 ஆன நேரம் திரும்பவும் காசு, அது வந்து சேருற வரைக்கும் கடையில கையால பில் எழுதினாங்க. 15ஐ அழிச்சுப்போட்டு 18 எழுதுறதுக்கு! சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் எண்டு சொல்றது இதத்தான்.

அந்த மனுசன் ஏமாத்தினார் எண்டு நான் சொல்ல வரல்ல. அவர் படிச்ச இடத்துல அப்பிடித்தான் காட்டிக் குடுத்திருக்காங்க, கோடுக்குள்ளயே நம்பர எழுதி வச்சிருக்கார், அப்ப திரும்ப கொம்பைல் பண்ணாம என்ன செய்யிற. அதையே இப்பிடி ஒரு ஃபைல்ல வச்சிருந்தா முதலாளியே நோட்பேட்ல திறந்து மாத்தியிருப்பார்:

[கடை]
பெயர் = மட்டக்களப்பு ஹார்ட்வெயார்
[வரி]
; 2024 ஜனவரி 1 முதல்
வற் = 18

இதுக்கு ஐ.என்.ஐ ஃபைல் எண்டு பேர். விண்டோஸ்ட பழைய காலத்துல இருந்து வாற முறை, சதுர அடைப்புக்குள்ள பகுதிப் பேர், கீழ பேரும் பெறுமதியும், அரைப்புள்ளியில தொடங்கினா அந்த வரி மனுசருக்கான குறிப்பு, புரோகிராம் அதப் பாக்காது. இத விளங்கிறதுக்கு கம்பஸ் போகத் தேவல்ல. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, ஐ.என்.ஐக்கு எண்டு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு சட்டம் இல்ல, ஒவ்வொரு லைப்ரரியும் தன்ட இஷ்டத்துக்கு வாசிக்கும். அதனால எத எடுக்கிற எண்டுறதுல கவனம் வேணும்.

சில பொடியனுகள் "இதுக்கு என்னத்துக்கு லைப்ரரி, வரிய வாசிச்சு சமன் குறியில வெட்டினாச் சரிதானே" எண்டு நாலு வரி தாங்களே எழுதிருவாங்க. பாஸ்வேர்ட்டுக்குள்ள ஒரு சமன் குறி வந்தா அந்த நாலு வரி கவிழ்ந்திரும், வரிட கடைசியில ஸ்பேஸ் கிடந்தா பிரிண்டர் பேர் பொருந்தாது, ஃபைல் இல்லாமலே போனா புரோகிராம் திறக்கவே மாட்டாது. இதெல்லாம் மத்த ஆக்கள் முட்டி மோதித் திருத்தி வச்சிருக்கிற வேலை. சி மொழிக்கு இனி-எச் எண்டு ஒண்டு இருக்கு, பென் ஹொய்ட் எழுதினது, ஒரு சி ஃபைலும் ஒரு ஹெடர் ஃபைலும்தான், புரொஜெக்ட்டுக்குள்ள கொப்பி பண்ணிப் போட்டாக் காணும். பிழை வந்தா எத்தினையாவது வரியில பிழை எண்டு நம்பர் திருப்பித் தரும், அத அப்பிடியே திரையில காட்டினா கடைக்காரரே திருத்திருவார். ஆனா அது வாசிக்கும், எழுதாது. பிறகு, ஒரு வரிக்கு அது வைக்கிற அளவு மாத்தாம விட்டா 200 பைட். யுனிகோட் தமிழ யு.ரி.எஃப் எட்டு எண்ட முறையில ஃபைல்ல வச்சா ஒரு குறிக்கு 3 பைட் போகும், மட்டக்களப்பு எண்ட ஒரு சொல்லுக்கே 36 பைட், அப்ப கடைட முழு விலாசத்தையும் ஒரே வரியில தமிழ்ல எழுதினா இடம் காணாமப் போயிரும், அந்த அளவக் கூட்டி வச்சுத்தான் கொம்பைல் பண்ணணும்.

தமிழ் எண்டதும்தான் எனக்கு உண்மையான கதை ஞாபகம் வருது. எங்கட கடைகள்ல இன்னும் பாதிப்பேர் இங்கிலீஷ் கீக்களத் தமிழ் எழுத்தாக் காட்டுற பழைய பாமினி எழுத்துலதான் கடைப் பேர் அடிச்சு வச்சிருக்காங்க. பாமினியில மெய்யெழுத்துக்குப் புள்ளி போடுறது எந்தக் கீயால? அரைப்புள்ளிக் கீயால. ஐ.என்.ஐயில குறிப்பு தொடங்குறது எதால? அதே அரைப்புள்ளியால! இனிபார்சர் எண்டு சி மொழிக்கு இன்னொரு பழைய லைப்ரரி இருக்கு, நல்ல லைப்ரரிதான், ஆனா மேற்கோள் குறிக்குள்ள போடாத பெறுமதிய அது அரைப்புள்ளி கண்ட இடத்துல வெட்டிரும். பாமினியில அடிச்ச மட்டக்களப்பு அதுக்குள்ளால போய் வெளிய வந்தா பில்லுல "மட" எண்டு மட்டும் விழும். முதலாளிக்குக் கோவம் வருமா வராதா? இனி-எச் அப்பிடி இல்ல, முன்னால ஸ்பேஸ் இருந்தாத்தான் நடு வரியில வாற அரைப்புள்ளிய குறிப்பா எடுக்கும்.

சரி, யுனிகோட்டுக்கு மாறிட்டா எல்லாம் முடிஞ்சுதா எண்டா இல்ல. பைதன் மொழியில ஐ.என்.ஐ வாசிக்கிற கொன்ஃபிக்பார்சர் லைப்ரரி கூடவே வருது, தனியா இன்ஸ்டோல் பண்ணத் தேவல்ல, அதுக்காகவே நான் பொடியனுகளுக்கு அத முதல்ல சொல்லுவன். ஆனா இங்கிலீஷ் விண்டோஸ்ல என்கோடிங், அதாவது எழுத்த பைட்டா வைக்கிற முறை, எது எண்டு சொல்லாம ஃபைலத் திறந்தா அது பழைய ஐரோப்பிய எழுத்து முறையில வாசிக்கப் பாக்கும், அந்த முறையில எங்கட புள்ளிட மூண்டாவது பைட்டுக்கு எழுத்தே இல்ல, உடன எரர். அப்பிடி எழுத்து இல்லாத பைட் ஒண்டும் வராத பேர் எண்டா எரர் கூட வராது, விளங்காத குறியெல்லாம் பில்லுல விழும், அது இன்னும் மோசம். யு.ரி.எஃப் எட்டு எண்டு சொல்லித் திறக்கணும். அதுலயும் பழைய நோட்பேட் ஃபைல்ட தலையில கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிய வைக்கும், 2019ல வந்த விண்டோஸ் பத்து அப்டேட்டுக்குப் பிறகுதான் அது வைக்காம சேவ் பண்ணத் தொடங்கிச்சு. கடைகள்ல கிடக்கிற மெசின் எல்லாம் எந்தக் காலத்தது எண்டு உங்களுக்கே தெரியும். அந்தக் குறி இருந்தா கொன்ஃபிக்பார்சர் முதலாவது பகுதித் தலைப்பையே காணல்ல எண்டு நிண்டிரும், அதுக்கு யு.ரி.எஃப் எட்டு சிக் எண்டு குடுத்துத் திறக்கணும், குறி இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி வேலை செய்யும். விண்டோஸ்ட சொந்த ஐ.என்.ஐ ஃபங்ஷனப் பாவிச்சு விபி ஆறு எண்ட பழைய மொழியில எழுதின புரோகிராம்கள்ல தமிழ் கேள்விக்குறியா மாறுறதும் இந்த என்கோடிங் சண்டைதான்.

கொன்ஃபிக்பார்சர்ல இன்னும் ரெண்டு பொறி. கழிவு 5% எண்டு வீதக் குறியோட எழுதினா அத எடுக்கிற நேரம் எரர் குடுக்கும், ஏனெண்டா வீதக் குறிய அது வேற ஒரு பெறுமதிய இடையில கொண்டு வந்து போடுற இன்டர்போலேசன் வேலைக்கு வச்சிருக்கு, தொடக்கத்துலயே அத நிப்பாட்டி விடணும். மத்தது ஓம் இல்ல கேள்வி. அதுல இருந்து வாறதெல்லாம் எழுத்துத்தான், "நோ" எண்டு எழுதியிருந்தாலும் வெறுமனே பூல் எண்டு மாத்தினா பைதன் அத உண்மை எண்டுதான் எடுக்கும், ஏனெண்டா அந்த இடம் காலியா இல்லையே. கெட்பூலியன் எண்டு தனி வழி இருக்கு, அத்தால கேக்கணும். அதுக்கும் இங்கிலீஷ் சொல்லுத்தான் தெரியும், ஆனா ஓம் எண்டாலும் விளங்கணும் எண்டு நாங்க சேர்த்துக்கொள்ள ஏலும், ரெண்டு வரி வேலை.

இப்ப பயிற்சி எடுத்து வாற பொடியனுகள் எதுக்கெடுத்தாலும் யமல் எண்ட இன்னொரு செட்டிங் ஃபைல் முறைதான் எண்டு நிக்கிறாங்க. பெரிய கொம்பனி சேர்வர்ல அது சரி. எங்கட கடைக்கு? மட்டக்களப்பு ஃபோன் கோட் 065. மேற்கோள் போடாம யமல்ல 065 எண்டு எழுதி பைதன்ட பைய்யமல் லைப்ரரியால வாசிச்சா 53 எண்டு வரும், ஏனெண்டா முன்னால சைபர் வந்தா அது எட்டுக் கணக்குல எண்ணும். கல்முனை 067 எண்டா 55, அம்பாறை 063 எண்டா 51. முழு நம்பர எழுதினா இன்னும் வேடிக்கை, எட்டோ ஒன்பதோ உள்ள நம்பர் தப்பிரும், இல்லாத நம்பர் வேறெதுவாவோ மாறிரும், ஒரு கடைக்கு சரியா வேலை செய்யும் அடுத்த கடைக்குப் பிழைக்கும், எங்க போய்த் தேடுற? கடை திறக்கிற நேரம் 8:30 எண்டு எழுதினா 510 எண்டு நிமிசக் கணக்கா வரும். 2009ல வந்த யமல் 1.2ல இதத் திருத்திட்டாங்க, ஆனா பைய்யமல் இன்னும் பழைய 1.1 வழியிலதான் போகுது. ஜேசன் எண்ட மத்த முறையில குறிப்பு எழுதவே ஏலாது, கடைசிக் கமா ஒண்டு கூடினாலும் முழு ஃபைலையும் வாசிக்க மாட்டன் எண்டிரும், மெசினுக்கு மெசின் பேச அது நல்லது, நோட்பேட்ல முதலாளி கை வைக்கிற ஃபைலுக்குச் சரிவராது. ரொம்ல் எண்ட முறை பரவால்ல, 2021ல 1.0 வந்து சட்டமும் தெளிவா இருக்கு, பைதன் 3.11ல இருந்து கூடவே வருது, ஆனா அதுவும் வாசிக்க மட்டும்தான், மேற்கோள் போடாம தமிழ்ல பேர் வைக்கவும் ஏலாது.

வாசிக்கிறத விட எழுதுறதுலதான் ஆபத்து, இத நான் கொஞ்சம் அழுத்திச் சொல்றன். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டினது ஆருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில ஒரு குரங்கு துணை மின்நிலையத்துல ஏறி நாடு முழுக்க கறண்ட் போச்சு. ஒரு ஃபைல எழுதுறதுக்குத் திறந்த உடன உள்ள இருந்ததெல்லாம் முதல்ல அழியும், மறுகாதான் புதுசு எழுதும். அந்த நொடியில கறண்ட் போனா? வெறும் ஃபைல். அடுத்த நாள் காலம கடைப் பேரும் இல்ல வற்றும் இல்ல பிரிண்டரும் இல்ல. சரியான முறை என்னெண்டா பக்கத்துல வேற பேர்ல புது ஃபைல் எழுதி, அது டிஸ்க்குல இறங்கினத உறுதி பண்ணிப்போட்டு, பேர மாத்தி பழையதுட இடத்துல வைக்கிறது. பைதன்ல ஓ.எஸ் ரிப்ளேஸ் எண்ட ஒரு வரி அந்தப் பேர் மாத்திற வேலைய செய்யும், விண்டோஸ்லயும் வேலை செய்யும். ரீனேம் எண்டு போட்டா விண்டோஸ்ல பழைய ஃபைல் இருக்கு எண்டு முரண்டு பிடிக்கும். சின்ன போர்டுகளுக்கு எண்டு செஞ்ச மினி-இனி லைப்ரரி தானாவே தற்காலிக ஃபைல்ல எழுதித்தான் பேர் மாத்தும், மெமரியும் தனியாக் கேக்காது. தராசுக்கும் தண்ணி மட்டம் பாக்கிறதுக்கும் போர்ட் செய்யிற பொடியனுகள் இதக் கட்டாயம் பாக்கணும்.

இன்னொண்டு. கொன்ஃபிக்பார்சரால திரும்ப எழுதினா முதலாளி அரைப்புள்ளி போட்டு எழுதி வச்ச குறிப்பெல்லாம் காணாமப் போயிரும். மினி-இனியும் சி பிளஸ் பிளஸ்ட சிம்பிள்-இனியும் குறிப்ப வச்சுக்கொண்டுதான் எழுதும். பைதன்ல செய்யிறவங்க மனுசன் எழுதுற ஃபைல் வேற, புரோகிராம் எழுதுற ஃபைல் வேற எண்டு ரெண்டாப் பிரிச்சா அந்தத் தொல்லையே இல்ல. நான் சொன்ன லைப்ரரி எல்லாம் இலவசம், வித்துக் காசாக்கிற சொஃப்ட்வெயார்லயும் போடலாம், லைசன்ஸ் வாசகத்த மட்டும் கூட வைக்கணும்.

"அப்ப கெஷியர் பொடியன் வற்ற மாத்திட்டா?" எண்டு முதலாளிமார் கேப்பாங்க. நியாயமான கேள்வி. விண்டோஸ்ல அந்த ஃபைல முதலாளிட எக்கவுண்ட் மட்டும் எழுத ஏலுமாதிரி பூட்டலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்ட மட்டும் அதுக்குள்ள போட வேணாம்.

வந்தாறுமூலை கம்பஸ்லயும் ஒலுவில் கம்பஸ்லயும் படிப்பிக்கிறவங்களும் ரவுண்ல கோர்ஸ் நடத்துறவங்களும் உங்கட பேப்பர வாசிப்பாங்க எண்ட நம்பிக்கையில கேக்கிறன். கடைசி புரொஜெக்ட் பாக்கிற நேரம் பொடியன்ட புரோகிராம்ல வற்ற நோட்பேட்டால மாத்திப் பாருங்க, கடைப் பேர புள்ளி வச்ச எழுத்தோட குடுத்துப் பாருங்க, ஃபோன் நம்பர 065ல தொடங்கிப் பாருங்க, சேவ் பண்ணிக்கொண்டிருக்கேக்க பிளக்கக் கழட்டிப் பாருங்க. இப்பிடிப் பாத்து மார்க்ஸ் போடுற ஆக்கள் இஞ்ச ஏற்கனவே இருந்தா உங்கட கணினிப் பக்கத்துல ஒரு வரி போடுங்க, அந்த ஹார்ட்வெயார் கடை முதலாளி அடுத்த சொஃப்ட்வெயாருக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கார்.

இப்படிக்கு,
கல்லடி வாசகர் ஒருவர்