ஊதாவும் சிவப்பும்

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே இடவப்பாதி மழை விட்டபாடில்லை. அம்மா சுகம், முட்டுவலிதான் கொஞ்சம் கூடுதல். லென்ஸில் பூசணம் பிடித்துவிடுமோ என்று சாயங்காலம் லேபில் லென்ஸ் எண்ணெயைத் துடைத்து, மைக்ரோஸ்கோப்பைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைத்துத்தான் கதவடைக்கிறேன்.

‘கிருமியைக் கண்டுபிடிக்க மெஷின் வந்த பிறகும் கண்ணால்தான் பார்க்கிறாயா?’ என்று கேட்டிருந்தாய். ஆமாம். கிருமியை வளர்த்துப் பேர் சொல்ல ஒன்றிரண்டு நாளாகும். கிராம் ஸ்டெயின், அதாவது கிருமிக்குச் சாயமேற்றி ஊதாவா சிவப்பா என்று பார்ப்பது, பத்து நிமிஷத்தில் பாதி விடை சொல்லிவிடும்.

போன வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒருவர் வந்தார். கத்தி பட்ட உள்ளங்கை சீழ் வைத்திருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஸ்டெயின் செய்து, “அண்ணே, எல்லாம் சிவப்பு” என்றாள். நூறு மடங்கு லென்ஸில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். சின்ன உருண்டைகள், திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாக. குலையாக இருந்தால் அது ஊதாவாக அல்லவா இருக்க வேண்டும்! உருவம் ஒன்று சொல்கிறது, நிறம் வேறொன்று சொல்கிறது.

“ஸ்பிரிட் எவ்வளவு நேரம் விட்டாய்?” என்றேன். ஸ்மியர், அதாவது சிலைடில் தடவிய சீழ், கொஞ்சம் தடிமனாக இருந்ததாம். நிறம் வடிந்து நிற்கட்டும் என்று முப்பது வரை எண்ணியிருக்கிறாள். தப்பு அங்கேதான். கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம் ஒரு நிமிஷம், அயோடின் ஒரு நிமிஷம். இரண்டும் சேர்ந்து கிருமிக்குள் பெரிய கட்டியாகிவிடும். தடித்த சுவருள்ள கிருமி ஸ்பிரிட்டுக்கு அதைச் சட்டென்று விடாது, மெல்லிய சுவருள்ளது விட்டுவிடும். ஆனால் ஸ்பிரிட் அதிக நேரம் நின்றால் தடித்த சுவரும் தோற்றுப்போகும். பிறகு சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் ஊற்றினால் எல்லாம் ஒரே சிவப்புதான்.

மெல்லிசாக மறுபடி ஸ்மியர் போடச் சொன்னேன். அதே சிலைடின் ஒரு ஓரத்தில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, மறு ஓரத்தில் ஈ.கோலை என்ற கிருமி. முதலாவது ஊதா, இரண்டாவது சிவப்பு என்று முன்பே தெரிந்தவை. இரண்டும் சரியாக வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம். இந்த முறை குலை நல்ல கத்தரிப்பூ நிறம். சீழ் அணுக்களின் கரு சிவப்பு. அப்புறம்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன்.

உனக்கு ஒரு விஷயம் இதுவரை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நானும் இப்படி ஒரு சிவப்பை நம்பி, ஓரத்தில் எதுவும் போட்டுப் பார்க்காமல் ரிப்போர்ட் கொடுத்தேன். கிருமியை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் வந்தபோது அது வேறு. அதற்குள் நோயாளிக்கு இரண்டு நாள் பொருந்தாத மருந்து போயிருந்தது. அவர் தேறிவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணைத் திட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, விநாடி முள்ளைப் பார்த்து எண்ணக் கற்றுக்கொடுத்தேன்.

இந்த முறையைக் கண்டுபிடித்த ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம், 1884-இல் வெளியிட்டபோது இது இன்னும் குறையுள்ளதுதான் என்று தாமே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

லீவுக்கு மகளையும் கூட்டி வா. வீட்டுத் தயிரில் ஒரு துளி எடுத்துச் சிலைடு போட்டுக் காட்டுகிறேன். ஊதாக் கம்புகளும் ஊதாச் சங்கிலிகளுமாக நிறைந்து கிடக்கும். அவளே ஸ்பிரிட் விடட்டும்.

உன் கூட்டுக்காரன்