அத்தானுக்கு, டென்னசி மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி, 2024 டிசம்பர் 20

அத்தான்,

நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஹார்ஸ்ஷூல, அதான் நம்ம ஒஹாயோ ஸ்டேட் ஸ்டேடியத்துல, டென்னசியோட காலேஜ் ஃபுட்பால் ப்ளேஆஃப் மேட்ச், உங்க ஊர்ல அப்போ அஞ்சு மணி. டிக்கெட் வாங்கிட்டேன், தனியாத்தான் போறேன். உங்களுக்கு எழுதப் போறேன்னு அக்காகிட்ட சொன்னேன், வேண்டாம்னு சொல்லல, சரின்னும் சொல்லல. போனே பண்ணியிருக்கலாம், ஆனா உங்க குரல் கேட்டா எனக்குப் பேச்சு வருமான்னு தெரியல. இத நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேர் படிப்பாங்க, அதனால சில விஷயத்த தொட மாட்டேன்.

மிச்சிகன் மேட்ச் நீங்க பாக்காம இருந்திருக்க மாட்டீங்க. 13-10, நம்ம கிரவுண்ட்லயே, அவங்ககிட்ட தொடர்ந்து நாலாவது வருஷமா தோல்வி. அன்னைக்கு உங்ககிட்ட கேக்கணும்னு தோணுன ஒரே கேள்வி, ஏன் நம்மாளுங்க பந்த தூக்கிட்டு திரும்பத் திரும்ப நடுவுலயே ஓடுனாங்கங்கறதுதான். ஓரிகன் மேட்ச்ல பந்து வீசறவனுக்கு அரணா நிக்கற லைன்ல லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் முட்டி போச்சு, நவம்பர்ல சென்டர் செத் மெக்லாஃப்லினுக்கு குதிகால் தசைநாண் கிழிஞ்சுது, கார்டா ஆடிட்டிருந்த டானவன் ஜாக்சன லெஃப்ட் டேக்கிளுக்கு நகத்தி ஒரு மாதிரி ஒப்பேத்திட்டு இருக்காங்க, அந்த லைன வச்சுக்கிட்டு மிச்சிகன் டிஃபென்ஸ்ல நடுவுல மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்ட்டும் நிக்கற எடத்துலயே போய் முட்டுனா என்ன கெடைக்கும், 26 தடவ ஓடி வெறும் 77 யார்டு. வெளிய பந்து புடிக்க ரிசீவர் ஜெரமையா ஸ்மித் நிக்கறான். நம்ம பழைய ஸ்டார் கிரிஸ் கார்ட்டரோட ஃப்ரெஷ்மேன் (மொத வருஷ) ரெக்கார்ட முறிச்ச பையன். அந்தப் பக்கம் எக்புக்கா, டேட். எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

ஆனா டீம் முடிஞ்சு போச்சுன்னு பேசறவங்ககூட நான் சேர மாட்டேன். 2014ல வர்ஜீனியா டெக்கிட்ட இதே கிரவுண்ட்ல தோத்துட்டுத்தான் கப்பு வாங்குனோம், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க. இந்த வருஷம் பன்னெண்டு டீம், நாம எட்டாவது, அவங்க ஒம்பதாவது, ஹார்ஸ்ஷூல ப்ளேஆஃப் மேட்ச் நடக்கறதே இதான் மொத தடவ. அவங்க ஊர் நாக்ஸ்வில்ல இருந்து ஆரஞ்சு சட்டையோட ஏகப்பட்ட பேர் வர்றாங்களாம், வரட்டும்.

டென்னசிய நான் கொறச்சு எடபோடல. அலபாமாவ அடிச்ச டீம். பந்தோட ஓடற டிலன் சாம்ப்சன் 22 டச்டவுன் ஓடியிருக்கான், அது அவங்க ஸ்கூல் ரெக்கார்ட். அவங்க கோச் ஹ்யூப்பல் ரிசீவர்கள கோட்டோரமா ரொம்ப அகலமா நிறுத்திடுவாரு, நம்ம ஆளுங்களும் அவங்க பின்னாடி போகணும், நடுவுல வழி காலியாகும், சாம்ப்சன் புகுந்துடுவான். அங்கதான் நம்ம டிஃபென்ஸ்ல பின்னாடி நிக்கற கேலப் டவுன்ஸ நம்பறேன். அவன் ஒருத்தன் நடுவுல நின்னா மத்தவங்க தைரியமா அகலமா போகலாம். நாட்டுலேயே கம்மியா பாயிண்ட் விட்ட டிஃபென்ஸ் நம்மளோடது. அவங்க குவார்ட்டர்பேக் (பந்து வீசறவன்) நிக்கோ இயமலியாவா ரெண்டாவது வருஷப் பையன், இந்தக் குளிர்ல, இந்தச் சத்தத்துல, ஆரம்பத்துலயே அவன தனியா பந்து வீச வச்சுட்டா போதும். நாம பந்து வச்சிருக்கறப்போ பயம் அவங்க டிஃபென்ஸ்ல ஓரத்துல இருந்து பாயற ஜேம்ஸ் பியர்ஸ்தான், ஜாக்சன சுத்திட்டு வந்துடுவான். அவன் வந்து சேர்றதுக்குள்ள நம்ம குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் பந்த விட்டுடணும், அதுவும் நமக்கு மொத தடவ பந்து கெடைக்கறப்பவே ஸ்மித்துக்கு. அத மட்டும் பண்ணுனா ஜெயிச்சுடுவோம், மறுபடி நடுவுல போய் முட்டுனா இன்னொரு மிச்சிகன்தான்.

எழுத எழுத ஜார்ஜியாவோட பீச் பவுல் செமிஃபைனல் ஆடுன ராத்திரிதான் கண்ணு முன்னாடி வருது. 2022 டிசம்பர் 31. மேல அக்காவும் பாப்பாவும் கேக் வச்சுக்கிட்டு பன்னெண்டு மணிக்குக் காத்துட்டு இருந்தாங்க, கீழ பேஸ்மென்ட்ல நீங்களும் நானும். நாலாவது குவார்ட்டர் ஆரம்பிக்கறப்போ 38-24 நாம முன்னாடி, நான் எந்திரிச்சு ஆடிட்டிருந்தேன், நீங்க மட்டும் உக்கார்டா உக்கார்டான்னீங்க, ஏன்னா நம்ம ரிசீவர் மார்வின் ஹாரிசன் தலைல அடிபட்டு வெளிய போயிட்டான், அவன் இல்லாம இது நிக்காதுன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. கடைசில ஜார்ஜியா 42, நாம 41. ஜெயிக்க நம்ம கிக்கர் ரகிள்ஸ் அம்பது யார்டு கிக் அடிக்கறான், மேல எல்லாரும் ஹேப்பி நியூ இயர்னு கத்தறாங்க, பந்து இடது பக்கமா போயே போச்சு. நான் அந்தப் பையன வாய்க்கு வந்தபடி திட்டுனேன். நீங்க என் கைய புடிச்சு, "அவன திட்டாத, அம்பது யார்டு அவன் தலைல கட்டுனது யாரு"ன்னு கேட்டீங்க. அப்புறம் மேல போய் பாப்பாவுக்கு கேக் ஊட்டுனீங்க, மொகத்துல எதுவுமே காட்டல. இப்படி ஒரு மனுஷனான்னு அன்னைக்கு உங்கள அவ்ளோ பிடிச்சுது.

முன்ன பின்ன தெரியாத கிக்கருக்கு அப்படிப் பரிஞ்சு பேசத் தெரிஞ்ச உங்களுக்கு, வீட்டுல இருந்த ஒருத்தர்கிட்ட... வேண்டாம், இதோட விடறேன்.

மிச்சிகன்கிட்ட தோத்த அன்னைக்கு ஸ்டேடியமே திட்டுச்சு, வேலைய விட்டுத் தூக்குன்னாங்க, ஆனா நம்ம கோச் ரையன் டே ப்ரெஸ் முன்னாடி வந்து உக்காந்தாரு. பதில் சரியா தப்பா, அது வேற. வந்தாரு. நீங்க எங்க யார் முன்னாடியும் வந்து உக்காரல அத்தான். அப்பா ஒரு வாரம் வாசலையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறமா நீங்க போன் பண்ணுனப்போ நான் எடுக்கல, அது உங்களுக்கு வலிச்சிருக்கும், மன்னிச்சுக்கோங்க. ஆனா அக்கா அடுத்த ரூம்ல அந்த நெலமைல இருக்கறப்போ நான் உங்ககூட சிரிச்சுப் பேசியிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. யார் பக்கம் நியாயம்னு இங்க தீர்ப்பு சொல்ல வரல, ரெண்டு பேரும் எனக்கு வேணும்.

சாயர், டுயிமொலோவாவ், எக்புக்கா, ஹெண்டர்சன் எல்லாருமே இந்நேரம் என்எஃப்எல் போயிருக்கலாம், இதுக்காகவே இன்னொரு வருஷம் நின்னாங்க. அவங்களுக்காகவாவது இது நடக்கணும்.

என் கணக்கு 31-17, நாம. ஜெயிச்சா ஜனவரி 1 கலிஃபோர்னியா பாசடீனால ஓரிகனோட மேட்ச், அது உங்களுக்குத்தான் பக்கம். பாப்பா ஸ்மித்தோட 4ம் நம்பர் ஜெர்சி கேட்டிருக்கா, நாளைக்கு வாங்கிடுவேன். நீங்க அனுப்புனதுன்னு சொல்லிக் குடுக்கவா வேண்டாமா, மேட்ச்சுக்கு முன்னாடி ஒரு வரி மெசேஜ் போடுங்க.